சந்தனப் பொட்டு வைத்த நான்கு டிஸ்க்குகள்

கதிரேசன் இறந்துவிட்டான் என்று சொல்ல வந்த அழைப்பை நான் இரண்டு முறை துண்டித்தேன். இதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். மழைக்காலத்து செவ்வாய்க்கிழமை காலை. வானகரம் சிக்னலில் முழங்கால் வரை நனைந்தபடி பைக்கில் நின்றுகொண்டிருந்தேன். போனில் ‘கதிர் வீடு’ என்று வந்தது. இரண்டு நாளாக ஒரு ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிப் பேசியே என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். “காலங்காத்தால ஆரம்பிச்சுட்டான்” என்று வாய்விட்டுச் சொல்லித் துண்டித்தேன். பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். மீண்டும் அடித்தது, மீண்டும் துண்டித்தேன். மூன்றாவது முறை எரிச்சலோடு எடுத்தேன். பேசியது அவன் மனைவி சாந்தி.

“அண்ணா, அவரு போயிட்டாருண்ணா.”

திருவேற்காட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றவன் மார்பு வலிக்கிறது என்று ஒரு கடைப் படியில் உட்கார்ந்திருக்கிறான். பிறகு எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தொரு வயது.

இறந்தவரை ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. இருபத்திரண்டு வருடம் ‘வாடா, போடா’ என்று பேசிவிட்டு இப்போது ‘அவர்’ என்று எழுதினால் எனக்கே யாரோ வேறு ஆள் போலத் தெரிகிறது. அதனால் அவன் என்றே எழுதுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களோடு அந்தக் குளிர்ந்த சர்வர் அறையில் வேலை பார்த்த உங்களுக்கு இது உறுத்தாது என்று நம்புகிறேன்.

அவன் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆவடிக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். கதிர் பிறந்து வளர்ந்ததெல்லாம் குவார்ட்டர்ஸில். பேச்சு மட்டும் சுத்தமான மெட்ராஸ். நான் மன்னார்குடிப் பக்கத்து ஆள், வேலைக்காக வந்து வானகரத்தில் ஒரு ஃபிளாட்டில் ஒட்டிக்கொண்டவன். முதல் நாள் என்னைப் பார்த்து, “இன்னா மாமே, ஊர்லேர்ந்து மூட்டையோட வந்துகினியா, இல்ல மூட்டய ஊர்லயே வுட்டுட்டியா?” என்றான். எனக்குக் கோபம் வந்தது. அவனோடு பழகிய இத்தனை வருடத்தில் பாதி நாள் எனக்குக் கோபம்தான் வந்திருக்கிறது. இப்போதும் வருகிறது, திட்டத்தான் ஆள் இல்லை.

அவன் வீட்டுக்குப் போனவர்கள் அந்தப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஹாலில் சாந்தியின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், பக்கவாட்டு மூடி இல்லாத ஒரு பழைய கம்ப்யூட்டர். உள்ளே நான்கு ஹார்ட் டிஸ்க், ஒன்றன்கீழ் ஒன்றாக. டிஸ்க் செருகும் இடங்களில் பச்சை பெயின்ட்டால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதியிருப்பான். நான்கையும் மென்பொருளால் கட்டி ஒரே பெரிய டிஸ்க் போல ஓடவைத்திருந்தான். இதற்கு ரெய்டு என்று பெயர். புரியாதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: நாலு பேரும் சேர்ந்து ஒரு கதையை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒருவர் போய்விட்டாலும் மிச்ச மூன்று பேரைக் கேட்டு முழுக் கதையையும் எழுதிவிடலாம். இரண்டு பேர் போய்விட்டால் ஒன்றும் மிஞ்சாது.

அந்த நாலு டிஸ்க்கையும் அவன் ஒரே கடையில் வாங்கவில்லை, ஒரே மாதத்திலும் வாங்கவில்லை. “ஒரே நாள்ல பொறந்ததுங்க ஒரே நாள்ல போவும் மாமே” என்பான். இந்த மாதிரி அவனிடம் ஆயிரம் சட்டம் உண்டு. எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அந்தப் பெட்டி இருந்தது அவன் மகள் அபிராமிக்காக. அபிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வரலாறு படித்துப் பட்டம் வாங்கிவிட்டு அரசு வேலைத் தேர்வுக்குத் தயார் செய்கிறாள். கணினியே வாசித்துக் காட்டும் புத்தகங்கள் இப்போது நிறைய இருக்கின்றன. ஆனால் அவளுக்கு வேண்டிய பாதிப் புத்தகங்கள் பழைய அச்சுப் பிரதிகள், கணினிக் குரல் அவற்றைத் தப்பும் தவறுமாகக் கடித்துத் துப்பும். அதனால் கதிர் தினமும் வேலை முடிந்து வந்து இருபது பக்கம் சத்தமாக வாசித்துப் பதிவு செய்வான். பாடத்தை அச்சில் இருக்கிறபடியே, செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்தி வாசிப்பான். படம் வந்தால் மட்டும் சொந்த பாஷைக்கு இறங்கிவிடுவான். நான் ஒருநாள் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். “சோழர்களின் உள்ளாட்சி முறையில் குடவோலை முக்கிய இடம் பெற்றது. அபி, இங்க ஒரு படம் கீது. ஒரு பானை. சுத்தி பெருசுங்க எல்லாம் குந்திகினு கீறாங்க. ஒரு சின்னப் பையன் பானைல கைய வுட்றான். ஒருத்தர் மட்டும் அந்தாண்ட திரும்பிக்கினு கீறாரு, இன்னா கோவமோ தெரில.” அபி ஹாலின் மறுகோடியில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆபீஸில் நடந்த ஒன்றை இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன். உங்களில் சிலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் முழு வருடக் கோப்புகளும் அழிந்துபோய், காப்பி எங்கே என்று எல்லோரும் ஓடினோம். காப்பி எடுக்கவேண்டியவன் நான். எடுத்தும் இருந்தேன். தினமும் ‘எடுத்தாயிற்று’ என்று பச்சை டிக் அடித்திருந்தேன். திறந்து பார்த்தால் மாதக்கணக்கில் வெறும் காலிக் கோப்புகள். கதிர் என்னிடம் சொல்லாமலே தனியாக ஒரு காப்பி வைத்திருந்தான். அதைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, மேனேஜரிடம் ஒன்றும் சொல்லாமல், என்னைக் காபி மெஷின் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

“காப்பி எட்த்தேன்னு சொல்லாத மாமே. தொறந்து பாத்தேன்னு சொல்லு.”

அவ்வளவுதான் சொன்னான். அதன்பிறகு நான் எந்த வேலையை முடித்தாலும், “தொறந்து பாத்தியா?” என்று கேட்பான். என் மகளின் கல்யாணப் பத்திரிகை அச்சடித்து வந்த நாளிலும் அதைத்தான் கேட்டான். என் உயிரைக் காப்பாற்றிய வார்த்தைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இருபது வருடம் தினமும் கேட்டால் யாருக்குமே எரிச்சல் வரும்.

வருடா வருடம் ஆயுத பூஜை அந்தப் பெட்டிக்கும் உண்டு. கதிர் நான்கு டிஸ்க்கையும் வெளியே எடுத்து, மெல்லிய துணியால் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, தையல் மெஷின், கத்தரிக்கோல், அபியின் பிரெய்ல் பலகை எல்லாவற்றோடும் சேர்த்து அடுக்குவான். ஒருமுறை படையலில் வைத்த பொரி ஃபேனுக்குள் விழுந்து பெட்டி ஒரு வாரம் கடகடவென்று சத்தம் போட்டது. பூஜை முடிந்து திரும்பச் செருகும்போது எந்த டிஸ்க் எந்த இடத்துக்குப் போகிறது என்று அவன் கவலைப்பட மாட்டான். அதில் தவறும் இல்லை. எங்கே செருகினாலும் அந்த நாலும் ஒன்றையொன்று தானாக அடையாளம் கண்டுகொண்டு சேர்ந்துவிடும். அதனால்தான் அவனுக்கு இன்னொரு சட்டம் இருந்தது. “எடத்த பாக்காத, மேல ஒட்டிகினு கீற நம்பர பாரு.” டிஸ்க்கின் மேல் அச்சிட்ட எண்ணின் கடைசி நாலு எழுத்துதான் அதன் பெயர் என்பான். அப்படியானால் அந்தப் பச்சை பெயின்ட் எதற்கு என்று நான் கேட்டதற்கு, “சும்மா, பாக்க ஷோக்கா கீது” என்றான்.

பெட்டியில் இருப்பதை மட்டும் அவன் நம்பவில்லை. வீட்டுக்கு வெளியே ஒரு காப்பி இருக்கவேண்டும் என்பது அவன் சட்டங்களில் தலையாயது. வெளி வீடு என்றால் என் வீடு. மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸோடு வந்து நிற்பான். உள்ளே பழைய துண்டில் சுற்றிய ஒரு டிஸ்க். அதை என் கம்ப்யூட்டரில் போட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து கோப்புகளைத் திறந்து பார்ப்பான். பிறகு அதை என் பரணில் வைத்துவிட்டு, போன மாதம் வைத்ததை எடுத்துக்கொண்டு போவான். என் மனைவி அவனுக்காக கேசரி கிண்டுவாள். எனக்கு வாரத்தில் ஒரே ஞாயிறு, அதிலும் இது. நான் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு முதல் ஞாயிறு. என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் ஹாலில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கதிர் நுழைந்தான், எல்லோருக்கும் கும்பிடு போட்டான், டிபன் பாக்ஸைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு நேராக கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குப் போனான். மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் பரிமாற ஒத்தாசையாக எழுந்தவர், இனிப்பாக்கும் என்று அந்தப் பாக்ஸைத் திறந்துவிட்டார். துண்டுக்குள் ஒரு கறுத்த இரும்புத் துண்டு, அதன் நெற்றியில் பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம். அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது.

“இது என்னங்க, ஏதாச்சும் பரிகாரமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் கதிர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். “அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. எங்க ஊட்டு பேக்கப்பு. நாளைக்கே எங்க ஊடு பத்திகினு எரிஞ்சாலும் இது இங்க பத்திரமா இருக்கும்ல.”

நல்ல காரியம் பேசுகிற இடத்தில் வீடு பற்றி எரிவது. அந்த அம்மாள் பாக்ஸை மூடிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். அவர்கள் போனபிறகு நான் கத்தியது எங்கள் மாடி முழுக்கக் கேட்டிருக்கும். “இனிமே உன் டப்பாவ என் வீட்டுக்குத் தூக்கிட்டு வராதே. உனக்கு இருக்கற பைத்தியத்துல என் பொண்ணு வாழ்க்கையக் கெடுக்காதே.” அவன் பாக்ஸை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான், என் மனைவி அதைப் பரணில் ஏற்றிவைத்தாள். அந்தச் சம்பந்தம் அமையவில்லை, ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள், அதற்கும் கதிருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மறு வருடம் வேறு இடத்தில் மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது பந்தலுக்கு முதலில் வந்தவன் அவன்தான். ஆபீஸில் பழையபடி பேசினோம், சேர்ந்து சாப்பிட்டோம். டிபன் பாக்ஸைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. வேறு யாரிடமாவது வைத்திருப்பான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவன் போவதற்கு முந்தின ஞாயிறு மதியம், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டான்.

“மாமே, ஒரு டிஸ்க்கு சத்தம் போடுது. எந்நேரமும் போய்ரும் போல கீது. புதுசு வாங்கி வெச்சுட்டேன். எனக்குக் குனிஞ்சு எழுந்தா மூச்சு வாங்குது. ஒரு தபா வந்துட்டுப் போறியா?”

“வரேன்டா. அடுத்த வாரம்.”

“அந்த டிஸ்க்கு நம்பர் சொல்றேன், எழுதிக்க.” நாலு எழுத்து சொன்னான். “எழுதிகினியா?”

“எழுதிக்கிட்டேன்” என்றேன். என் கை முழுக்க ரசம் சாதம். பக்கத்தில் பேனாவும் இல்லை, காகிதமும் இல்லை. மூச்சு வாங்குகிறது என்று சொன்னானே, அதையும் நான் காதில் வாங்கவில்லை. இந்த இரண்டில் எதற்காக என்னை நான் அதிகம் திட்டிக்கொள்வது என்று இன்னும் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அபி என்னை அழைத்தாள். தேர்வுக்கு நாற்பது நாள்தான் இருந்தது. பெட்டி ‘பீப் பீப்’ என்று கத்திக்கொண்டிருந்தது. ஒரு டிஸ்க் செத்து வெளியே விழுந்துவிட்டது, மூன்றில் ஓடிக்கொண்டிருந்தது. பதிவுகள் எல்லாம் அப்போதும் நலம். செத்ததை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. இருபத்திரண்டு வருடமாக நான் செய்கிற வேலை. செத்தது மூன்றாவது என்று திரை காட்டியது, பக்கத்தில் அதன் எண்ணும் இருந்தது. திரையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பெட்டியை அணைத்தேன். பச்சை பெயின்ட்டில் மூன்று என்று எழுதிய இடத்திலிருந்து டிஸ்க்கை உருவினேன். அதன் மேலிருந்த எண்ணைப் பார்க்கவில்லை. கதிர் இல்லாத வீட்டில் அவன் சட்டம் எதற்கு என்று நினைத்தேனோ, இல்லை சீக்கிரம் கிளம்பவேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேனோ.

புதியதைச் செருகி இயக்கினால் எதுவும் எழவில்லை. புது டிஸ்க்கில்தான் கோளாறு என்று ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். வேர்த்துக் கொட்டியது. கடைசியில் சலித்துப்போய், நாளை வருகிறேன் என்று சாந்தியிடம் சொல்லிவிட்டு, உருவிய டிஸ்க்கைப் பைக்கின் பக்கப் பெட்டியில் ஸ்பானர்களோடு விசிறிப் போட்டேன். செத்த டிஸ்க்தானே. திருவேற்காட்டிலிருந்து வானகரம் வரை மழைக்குப் பிறகு சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்து, போனில் எடுத்த படத்தையும் டிஸ்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடைசி நாலு எழுத்து வேறு. நான் உருவியது நல்ல டிஸ்க்கை. உடனே கம்ப்யூட்டரில் மாட்டினேன். டக், டக் என்று உள்ளே தட்டியது. ஒருமுறை ஆபீஸில் நான் ஒரு பழுதான டிஸ்க்கைக் குப்பைத்தொட்டியில் தூக்கி எறிந்தபோது கதிர் அதைக் குனிந்து எடுத்து மேஜைமேல் வைத்தது அப்போது நினைவுக்கு வந்தது. “செத்ததுன்னாலும் மெதுவா வை மாமே. செத்தது எதுன்னு உனக்கு இன்னும் கரெக்டா தெரியாது” என்று சொன்னான். அன்று நான் சிரித்தேன்.

மறுநாள் அவர்கள் இருவர் முன்னாலும் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். சாந்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் முகம் சுருங்கியது.

“பூஜைக்கு இந்த வருஷம் நான்தாண்ணா தொடச்சு வெச்சேன். அவருக்கு முடியல. எங்க சொருகினாலும் ஒண்ணுதான்னு அவருதான் சொன்னாரு. தப்பு பண்ணிட்டனா?”

ஒரு நொடி அவள்மேல் கோபம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பழியைப் போட ஒரு ஆள் கிடைத்துவிட்ட நிம்மதி அது. “இல்லம்மா. தப்பு என்னுது” என்றேன். பிறகு, “வெளிய ஒரு காப்பி வெச்சிருப்பானே, அது யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டேன்.

சாந்தி என்னை விநோதமாகப் பார்த்தாள். “உங்க வீட்டுலதானண்ணா இருக்கு. வேற யாருக்கும் தரலியே. நான் கூட எங்க அண்ணன் வீட்டுல வைங்கன்னேன். முரளி கோவம் ஆறட்டும், அவன்கிட்டயே குடுக்கறேன்னுட்டாரு.”

என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

அபி என் பக்கம் திரும்பினாள். “அங்கிள், பாடம் போனா பரவால்ல. அத யாராச்சும் திரும்ப வாசிச்சுருவாங்க. அப்பா படம் பாத்து சொன்னதெல்லாம் வேற யாரும் சொல்ல முடியாது இல்ல?” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் பரணில் அந்த டிபன் பாக்ஸ் அப்படியே இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய காப்பி. திறந்து பார்த்தேன். அதுவரை வாசித்ததெல்லாம் ஒன்றுகூடக் கெடாமல் இருந்தது. கடைசிப் பதிவு, பெண் பார்க்க வந்த நாளுக்கு முந்தின நாள் பதிவு. பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடும் சத்தம். பிறகு அவன் குரல்: “இன்னைக்கு இது போதும் அபி. நாளைக்குக் காலைல முரளி ஊட்டுக்குப் போவணும். அந்தாளு மூஞ்சிய தூக்கி வெச்சுகினு கேசரி குடுப்பான்.” அதன்பிறகு வந்த இரண்டு வருடம், அபியின் இந்தத் தேர்வுக்கான அத்தனை புத்தகமும், அடிபட்ட அந்த டிஸ்க்கை நம்பி இருந்தது.

இனி அவன் இருந்தால் எப்படிச் செய்வானோ அப்படியே செய்தேன். ஒவ்வொரு டிஸ்க்கின் எண்ணையும் காகிதத்தில் எழுதி, சாந்தியை வாசிக்கச் சொல்லி இரண்டு முறை சரிபார்த்தேன். மூலத்தில் கை வைக்காமல் ஒவ்வொன்றுக்கும் புது டிஸ்க்கில் முழுப் பிரதி எடுத்தேன். அடிபட்ட டிஸ்க் வாசிக்க முடிந்த இடத்தை மட்டும் கொடுத்தது. முடியாத இடத்தில் டக் டக் என்று தட்டிவிட்டு அடுத்த இடத்துக்குத் தாவியது. ஒன்பது நாள் ஆயிற்று. ஆபீஸுக்கு விடுப்புச் சொன்னேன். ஓயாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பத்தாம் நாள் பிரதிகளைச் சேர்த்துக் கட்டினேன். பெட்டி எழுந்தது. பதிவுகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. அபி கைதட்டினாள். நான் கைதட்டவில்லை, எனக்கு அவன் சட்டம் நினைவுக்கு வந்துவிட்டது.

ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டோம். பெரும்பாலானவை முழுசாக இருந்தன. ஆனால் இருபத்தாறு இடங்களில் அவன் குரல் நடுவில் அறுந்து, கரகரவென்று ஒரு சத்தம், பிறகு அரைப் பக்கமோ ஒரு பக்கமோ தள்ளித் தொடர்ந்தது. ஓர் இடத்தில் “அபி, இங்க ஒரு படம் கீது” என்றதோடு நின்றுபோயிருந்தது. அபி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டாள். நாலாவது முறை நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள். “அங்கிள், புக்கு அலமாரியில இருக்கும். அந்தப் பக்கத்துல என்ன படம்னு சொல்லுங்க.”

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். “கப்பல்மா. பாய்மரக் கப்பல்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“அப்பான்னா இதுக்கு அஞ்சு நிமிஷம் சொல்லுவாரு. நல்லாப் பாருங்க.”

நல்லாப் பார்த்தேன். கப்பலில் ஒரு ஆள் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். இன்னொருவன் வேலை செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு அவனை முறைத்துக்கொண்டிருந்தான். அதைச் சொன்னேன். “முறைக்கறவன் நீங்கதான், தொங்கறவரு அப்பா” என்று அபி சொன்னாள். சாந்தி தையல் மெஷினில் இருந்தபடியே சிரித்தாள். அந்த வீட்டில் கதிர் போனபிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

அந்த இருபத்தாறு இடங்களையும் இப்போது நான் வாசித்து நிரப்புகிறேன், வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை. என் மன்னார்குடி இழுவை அவளுக்குக் கேலி. ‘பழம்’ என்று நான் சொல்வதை மட்டும் இரண்டு முறை சொல்லச் சொல்கிறாள். அவனுடைய குரலை நான் அழித்தேன், அந்த இடத்தில் என் குரல் கிடக்கிறது. இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை. அவன் முன்னால் வாசித்ததற்கும் பின்னால் வாசித்ததற்கும் நடுவில் என் தப்பு எங்கே இருக்கிறது என்று தேர்வுக்குப் படிக்கும்போதெல்லாம் அபிக்குக் கேட்கும்.

கதிரிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு. என் கம்ப்யூட்டர் மேஜையில், துண்டு விரித்து மெதுவாக வைத்த அந்த அடிபட்ட டிஸ்க். அதன் நெற்றியில் சாந்தி வைத்த பொட்டு இன்னும் அழியவில்லை. இன்னொன்று டிபன் பாக்ஸ். மாதத்தின் முதல் ஞாயிறு இப்போது அதைத் தூக்கிக்கொண்டு திருவேற்காட்டுக்குப் போவது நான். புதுக் காப்பியை எடுத்துக்கொண்டு வந்து பரணில் வைக்கிறேன்.

போன ஞாயிறு அந்தக் கப்பல் பக்கத்தை வாசித்துப் பதிவு செய்தேன். காப்பி எடுத்து, துண்டில் சுற்றி, பாக்ஸுக்குள் வைத்து மூடினேன். வெயில் ஏறுவதற்குள் வீடு சேரவேண்டும் என்ற அவசரத்தில் வாசலில் ஒரு காலில் செருப்பும் மாட்டிவிட்டேன். உள்ளேயிருந்து அபி கேட்டாள்.

“அங்கிள், காப்பி எடுத்துட்டீங்களா?”

“எடுத்துட்டேன்மா.”

“தொறந்து பாத்தீங்களா?”

மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு, பாக்ஸோடு உள்ளே போனேன்.